பக்கத்து வீட்டு மழைத்தண்ணி உங்க வீட்டுக்குள்ள வருதா? சட்டம் சொல்வது என்ன?

மனையில் மண் கொட்டி உயர்த்துவது, கொல்லையில் குளம் வெட்டுவது, வடிகாலைத் திருப்புவது... எல்லாமே ‘என் இடம், என் இஷ்டம்’தான். ஆனா, அடுத்த மழையில தண்ணி நிக்கிறது பக்கத்து வீட்டுல!

தானா வந்தா தடுக்க முடியாது

1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, மேட்டு நிலத்து மழைநீர் இயல்பாக வழிந்து வந்தால் பள்ளத்து நிலக்காரர் அதை விட்டாக வேண்டும்.

திருப்பி விட்டா?

இங்கதான் ‘இயல்பாக’ என்ற வார்த்தை முக்கியம். மனையை உயர்த்தி, மாடித் தண்ணியைக் குழாய் வழியா பக்கத்து மனையில் கொட்டுவது இயல்பான ஓட்டம் இல்லை. பாதிக்கப்பட்டவர் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம்.

குளம் வெட்டினால்?

இங்கிலாந்தில் ஆலைக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தின் தண்ணீர், பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் புகுந்தது. உரிமையாளர் நேரடியாகத் தவறு செய்யாவிட்டாலும் அவரே பொறுப்பு என 1868-ல் தீர்ப்பானது. இந்திய நீதிமன்றங்களும் இந்த ரைலண்ட்ஸ் வழக்கைச் சுட்டிக்காட்டுவது உண்டு.

என்ன செய்யலாம்?

பக்கத்து மனையில் மண் லாரி வந்து நின்றதுமே, பழைய தரைமட்டம் தெரியும்படி தேதியோடு போட்டோ எடுத்து வைங்க. மண் கொட்டிய பிறகு, முன்பு தண்ணி எந்தப் பக்கம் ஓடியது என்று நிரூபிப்பது கஷ்டம்.