நடக்க முடியவில்லை, சைக்கிள் மட்டும் ஓட்டுகிறார்!

‘‘என் அப்பாவுக்கு 66 வயது. மூன்று ஏக்கரில் நெல் போடுகிறோம். கொஞ்ச தூரம் வரப்பில் நடந்தாலே அவருக்கு இரண்டு கால்களும் கனத்து, மரத்துப்போகின்றன. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர் ‘ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்’ என்று சொல்லி, ஊன்றுகோல் வைத்துக்கொள்ளச் சொன்னார். ‘கோல் ஊன்றி வயலுக்குப் போவதைவிட நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம்’ என்கிறார் அப்பா. ஆனால், கடைத்தெருவுக்கு சைக்கிளில் நன்றாகவே போய் வருகிறார். நடிக்கிறாரோ என்றுகூட வீட்டில் பேச்சு வருகிறது. என்ன செய்வது?’’

- மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகி

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்கள் பெரும்பாலும் குலைநோயும் யூரியாவும்தான். நான் மருத்துவன் அல்ல. ஆனாலும், இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நான்கு வருடங்களாக எனக்கும் இதே நோய்தான்.

முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள் சகோதரி. அப்பா நடிக்கவில்லை. முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் பாதையை ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதாக ஆக எலும்பு தடித்து, உள்ளே இருக்கும் தசைநார் பருத்து, வாய்க்கால் தூர்ந்துபோகிறது. நிமிர்ந்து நின்றால் அது இன்னும் குறுகும். முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் விரியும். சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடித்துச் சாய்ந்து உட்கார்கிறோம் அல்லவா? அதனால்தான் மிதிக்க முடிகிறது, நடக்க முடிவதில்லை. மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து நிற்கும்போது அவருக்குச் சுகமாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தாலும் நடந்தால் வலிக்கும். ஆனால், அந்த வலி சும்மா நின்றாலே தணியும். சைக்கிள் மிதித்தாலும் வரும். பீடி, சிகரெட் பழக்கமோ சர்க்கரையோ இருந்தால் அதையும் டாக்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

இனி கோலுக்கு வருவோம். உங்கள் அப்பாவின் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஊன்றுகோலை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வயலாய்வுக்குப் போனவன் நான். இலையைப் பார்ப்பதுபோல் அடிக்கடி குனிந்து நிற்பேன். ‘ஐயா எவ்வளவு நுணுக்கமா பார்க்கிறார்’ என்று விவசாயிகள் நினைத்திருப்பார்கள். கால் மரத்தது தெரியாமல் ஒருநாள் வாய்க்காலில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன்பிறகுதான் கோலை வெளியில் எடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள்.

கோல் வாங்கும்போது உயரம்தான் முக்கியம். எனக்கு ஒரு கடைக்காரர் கொடுத்தது மூன்று அங்குலம் கூடுதல். அது என்னை நிமிர்த்தியே வைத்தது, வலியும் கூடியது. வழக்கமாகப் போடும் செருப்போடு நின்று, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ, அதுதான் பிடியின் உயரம். பொத்தானை அழுத்தி உயரம் மாற்றும் அலுமினியக் கோல் வாங்கினால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். நம் நோய்க்குச் சிறிது தாழ்த்தி வைத்தால் லேசாகச் சாய்ந்து நடக்க வரும். ரொம்பத் தாழ்த்தினால் தோள் வலிக்கும். பிசியோதெரபிஸ்ட் ஒரு முறை பார்த்துச் சொல்வது நல்லது.

எந்தக் கால் பலவீனமோ, அதற்கு எதிர்க் கையில் கோல் இருக்க வேண்டும். கோலும் பலவீனமான காலும் சேர்ந்து முன்னே போகும். மேட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் பலவீனமான காலும் முதலில். இரண்டு கால்களும் மரத்துப்போகிறவருக்கு இரண்டு கோல் இன்னும் நல்லது. அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். களத்துச் சிமென்ட் தரையில் ஈரம் இருந்தால் தேய்ந்த புஷ் வழுக்கிவிடும். நான்கு கால் வைத்த கோலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். வரப்புக்கு வேண்டாம், மேடு பள்ளத்தில் நான்கும் ஒன்றாக ஊன்றாது, ஆளைச் சாய்த்துவிடும்.

இந்த நோய்க்கு மிகவும் பொருந்துவது பிரேக்கும் உட்காரப் பலகையும் உள்ள நான்கு சக்கர வாக்கர்தான். சாய்ந்து தள்ளலாம், கால் கனத்தால் பிரேக் போட்டு அதிலேயே உட்காரலாம். தார்ச்சாலைக்கும் தெருவுக்கும் சரி, சேற்றில் உதவாது. வயலுக்குப் போகும் வண்டிப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். அதில் மூட்டை மட்டும் கட்டக் கூடாது. சாய்ந்து நடப்பது வேறு, குனிந்து பாரம் தூக்குவது வேறு. 45 கிலோ யூரியா மூட்டையும் 16 லிட்டர் ஸ்பிரேயரும் இனி அவர் முதுகுக்கு ஆகாது.

வேளாண் அதிகாரியாக ஒன்று சொல்ல வேண்டும். எலி வளை வைக்கும் என்பதால் வரப்பை அகலமாக்காதீர்கள் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். இப்போது உங்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன். பாதையிலிருந்து மடை வரைக்கும் ஒரே ஒரு வரப்பை மூன்றடிக்கு அகலப்படுத்தி, கிராவல் கொட்டி இறுக்குங்கள். அதில் எலி வளையை வாரம் ஒருமுறை பார்த்து அடைத்துவிடுங்கள். வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் பலகை போட்டு ஒரு பக்கம் மூங்கில் கைப்பிடி கட்டுங்கள். வழியில் இரண்டு இடத்தில் உட்காரக் கல் போடுங்கள். கால் மரத்துப்போகும் வரை நடக்காமல், அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டால் மறுபடி நடக்கலாம்.

செலவு பற்றிக் கவலைப்பட்டால், 60 வயதைக் கடந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் ‘ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா’ முகாம்களில் கோலும் வாக்கரும் இலவசமாகத் தருகிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்யுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் திடீரெனத் தொங்கிப்போவது - இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

குத்தகைப் பேச்சை இந்தப் போக அறுவடை வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அதற்குள் வரப்பைப் போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் பக்கம் வரும்போது நானும் கோலோடு வந்து பார்க்கிறேன்.