'சூடு' என்று விட்டுவிடாதீங்க!

நீர்க்கடுப்பு வந்தால் 'உடம்புச் சூடு' என்று இளநீரோ மோரோ குடித்துவிட்டு மறுநாளே நடவுக்குப் போய்விடுவார்கள், வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பெண்கள். பல நேரம் காரணம் சூடு அல்ல, ஈ.கோலி என்ற பாக்டீரியா.

நம்ம குடலில் சும்மா கிடக்கும் இந்தக் கிருமி, சிறுநீர்ப்பைக்குள் போனால்தான் வம்பு. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஏறுவது சுலபம். கிருமியைச் சுற்றி மெல்லிய இழைகள் இருக்கின்றன. இழை நுனியில் உள்ள புரதம், சிறுநீர்ப்பைச் செல்களின் மேலிருக்கும் மானோஸ் என்ற சர்க்கரையைக் கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும். பிறகு செல்லுக்குள்ளேயே நுழைந்து கூட்டமாகப் பெருகும். அங்கே மருந்து எளிதில் எட்டாது. சில கிருமிகள் பதுங்கியிருந்து பின்னால் வெளியே வரும். 'போன மாசம்தானே சரியாச்சு, மறுபடியுமா?' என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொக்கி விழும் முன் கிருமியை அடித்துச் செல்வது சிறுநீர்தான். வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லாமல், தண்ணியே குடிக்காமல் அடக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் 'நிறைய தண்ணி குடிங்க' என்று மட்டும் சொல்வது நியாயமா? 2005-ம் ஆண்டின் 100 நாள் வேலைச் சட்டம்கூட வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவி என்று பட்டியலிட்டது, கழிப்பறையைச் சேர்க்கவில்லை.

கொம்யூன் பஞ்சாயத்துகள் நடவுக் காலத்திலாவது நடமாடும் கழிப்பறை வைக்கட்டும். எரிச்சலோடு காய்ச்சலும் விலா வலியும் வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. டாக்டர் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீங்க.