எண்ணெய்க்குக் கும்பிடு, கைக்குக் கேமரா

'மசாஜ்' என்ற சொல்லை உங்கள் கல்லூரி வாட்ஸாப் குழுவில் போட்டுப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் யாராவது கண்ணடிக்கும் பொம்மை ஒன்றை அனுப்புவார். அடுத்தவர், 'எங்க மச்சி, தில்லைநகரா?' என்பார். மறுநாள் காலை அதே குழுவில் 'உடல் பிடிப்பின் 10 நன்மைகள்' என்று ஒரு ஃபார்வேர்டு வரும். நச்சுகள் வெளியேறும், ரத்த ஓட்டம் சீராகும், ஆயுள் கூடும். முதலில் கண்ணடித்தவரே அதற்குக் கைகூப்பும் பொம்மை போடுவார்.

சிரிப்பும் கும்பிடும் ஒரே ஆளை மறைக்கின்றன என்பதுதான் என் புகார். பிடித்துவிடும் ஆள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, கட்டைவிரல் மூட்டு தேய, அடுத்தவர் முதுகில் தன் உடல் எடையை இறக்கும் ஒரு தொழிலாளி. தைலத்தின் பெயர் நமக்குத் தெரியும், முறையின் பெயர் தெரியும், பேக்கேஜ் விலை தெரியும். அந்த ஆளுக்கு என்ன சம்பளம், எங்கே கற்றார், அவர் உடம்புக்கு வலித்தால் யாரிடம் போவார் என்பது மட்டும் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை.

இந்த மறைப்பு திருச்சியிலிருந்து ஒரு வழக்காகவே நீதிமன்றத்துக்குப் போனது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் ஓர் உத்தரவு போட்டார்: ஸ்பா, மசாஜ் மையங்களில் சிசிடிவி கேமரா பொருத்த வேண்டும், முறைகேடு நடக்காமல் காவல்துறை பார்த்துக்கொள்ள வேண்டும். சில நாட்களிலேயே திருச்சியில் ஸ்பா நடத்தும் ஒரு பெண்ணின் மனு மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் முன் வந்தது. தன் மையத்துக்குத் தடையில்லாச் சான்று தர வேண்டும், போலீஸ் தலையிடக் கூடாது என்பது கோரிக்கை. 2022 ஜனவரி 4 அன்று அவர் தீர்ப்பு சொன்னார். ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல்சார்ந்த தன்னுரிமையை மீறுவது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் உறுதிசெய்த அந்தரங்க உரிமைக்கு அது எதிரானது. வெறும் சந்தேகம், ஒருவர் ஓய்வெடுக்கும் உரிமைக்குள் நுழையப் போதுமான காரணம் ஆகாது.

நல்ல தீர்ப்பு. மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்த விவாதத்தை நம் ஊரில் எப்படிப் பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். கேமரா வேண்டும் என்றவர்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். வேண்டாம் என்றவர்கள் படுத்திருக்கும் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசினார்கள். நின்றுகொண்டு வேலை செய்பவரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. கேமரா அவர் முகத்தையும்தானே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்?

இது ஸ்பா வந்த பிறகு வந்த வியாதி இல்லை. பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள்.

பெரிய பெருமாள் சுதையால் ஆனவர். அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலம் சாத்தினால் அது காய 48 நாள் ஆகும். அதுவரை திருமுக தரிசனம் மட்டும்தான், திருவடி தரிசனம் கிடையாது. ஊரே காத்திருக்கும். அதே கோயிலில் தன்வந்திரிக்குச் சந்நிதி இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஓர் ஆரோக்கியசாலை இயங்கியதையும், அழிந்துபோன அதை மறுபடி எடுத்துக் கட்டியதையும் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. உடம்புக்கு எண்ணெய் என்பது இந்த ஊருக்குப் புனிதமான விஷயம். தீபாவளி விடியலில் நல்லெண்ணெய் வைக்காத வீடு இல்லை.

சரி, மனித உடம்புக்கு எண்ணெய் வைத்த கை யாருடையது? பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைக் கட்டி, பச்சைக் குழந்தையைக் காலில் போட்டு நீவி, சுளுக்கெடுத்து, கட்டியைக் கீறி மருந்து வைத்தது யார்? பெரும்பாலும் மருத்துவர் சாதி ஆணும் பெண்ணும். ஆண் முடிதிருத்துபவர், வைத்தியர். பெண் மருத்துவச்சி. தமிழ்நாட்டு மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இந்தச் சாதிக்கு எதிரே இருக்கும் பெயர்களைப் படியுங்கள். மருத்துவர், நாவிதர், மங்கலா என்று போகும் வரிசையில் பிராணோபகாரி என்றும் ஒரு பெயர் உண்டு. உயிருக்கு உதவுபவர் என்று அர்த்தம். பெயர் அப்படி. வீட்டுக்குள் வந்த வழியோ கொல்லைப்புறம். கூலி, களத்தில் அளந்து போட்ட நெல். தொட்டால் வலி போகும், தொட்டதால் தீட்டும் வரும். தீட்டைக் குளித்துப் போக்கிவிடலாம், நிவாரணத்தை வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு வசதியான ஏற்பாடு!

இன்றைய கண்ணடிக்கும் பொம்மை அந்தத் தீட்டின் பேரன். கொல்லைப்புற வழி இப்போது கறுப்புக் கண்ணாடிக் கதவாக மாறியிருக்கிறது. கதவுக்கு உள்ளே நிற்பவர் பல இடங்களில் மணிப்பூரிலிருந்தோ மிசோரமிலிருந்தோ வந்த பெண். அவள் சாதி நமக்குத் தெரியாது, அதனால் முகத்தை வைத்தே முடிவு கட்டிவிடுகிறோம்.

*

'அதெல்லாம் இருக்கட்டும், மசாஜில் உண்மையிலேயே பயன் இருக்கா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் தொழிலில் கழுத்தும் தோள்பட்டையும் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் வலிக்கும். விளம்பரம் படித்து ஏமாறுவதற்கு எங்களைப் போலத் தோதான ஆட்கள் கிடையாது.

முதலில் பொய்களைக் கழிப்போம். நச்சு நீக்கம் என்பது விற்பனைச் சொல். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுவதும் கதை. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கவிட்டு, ஒரு தொடையை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரண்டு தொடைகளிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். லாக்டேட் அளவில் மாற்றம் இல்லை. ஆனால் பிடித்துவிட்ட தசையில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் விளம்பரத்தைவிட நாணயமானது. கீழ்முதுகு வலிக்கு 2015இல் வந்த காக்ரன் மதிப்பாய்வு 25 ஆய்வுகளைத் தொகுத்தது. குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், ஆனால் சான்றின் தரம் மோசம் என்றது. இன்னொரு பக்கம், 1986இல் மயாமியில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம் வருடி, கைகால்களை அசைத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளின் எடை 47 சதவீதம் கூடுதலாக ஏறியது. காலில் போட்டு நீவிய மருத்துவச்சிக்கு அந்தச் சதவீதம் தெரியாது. தொட்டால் பிள்ளை தேறும் என்பது தெரியும்.

ஆக, பயன் உண்டு. அது கையில் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. அதில் 9 வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். இதில் எங்காவது எண்ணெயின் பெயர் இருக்கிறதா? ஒன்பதும் கையின் வினைகள். வர்மத்தில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களைச் சொல்கிறார்கள். எங்கே தொடுவது என்பதோடு எங்கே தொடக் கூடாது என்பதற்கான பாடமும் அது. கேரளத்துப் பிழிச்சில், கிழி, ஸ்வீடிஷ் என்று பலகையில் தொங்கும் முறை, ஜப்பானின் ஷியாட்சு, தாய்லாந்தின் நுவாட் எல்லாம் அழுத்தமும் வேகமும் எண்ணெயும் மாறுகிற மாறுபாடுகள். கைத்திறன் இல்லையென்றால் எல்லாமே வெறும் எண்ணெய்ச் செலவு.

திறன் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம், திறனற்ற கை ஆளைக் கொல்லும். முடிவெட்டி முடித்ததும் போனஸாகக் கழுத்தைப் பிடித்து 'படக்' என்று சொடுக்குகிறார்களே, அந்தச் சொடுக்கில் மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். காலின் உள் நாளத்தில் ரத்தக்கட்டி இருப்பவரை அழுத்திப் பிடித்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம். பாட்டி செய்தாள் என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. இப்படி ஒரு வேலையைச் செய்ய என்ன படித்திருக்க வேண்டும், எப்போது மறுத்துவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் ஓர் அரசாங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நம் அரசு இயந்திரம் கேட்பது, உள்ளே என்ன நடக்குதுன்னு பாக்க கேமரா இருக்கா?

*

எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துக்கொள்வோம். 'ஸ்பா என்ற பெயரில் பெண்களைக் கடத்தி வந்து அடைத்துவைக்கிறார்கள், இது உண்மை இல்லையா?' உண்மை. அதைக் கடக்க முடியாது, கடக்கவும் கூடாது. ஆனால் அதற்கு 1956ஆம் வருடத்துச் சட்டம் கையில் இருக்கிறது. கடத்திவரப்பட்ட பெண்ணைக் கண்டுபிடிக்க அவளிடம் அடையாள அட்டை இருக்கிறதா, அது யார் கையில் இருக்கிறது, சம்பளம் வங்கிக்குப் போகிறதா, விடுமுறை உண்டா, எங்கே தூங்குகிறாள் என்று பார்க்க வேண்டும். தொழிலாளர் ஆய்வாளர் கேட்கிற கேள்விகள் இவை. மசாஜ் மேசைக்கு மேலே தொங்கும் கேமரா இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. அந்தப் பதிவு முதலாளியின் வன்தட்டில்தான் கிடக்கும். பெண்ணை அடைத்துவைத்திருக்கும் முதலாளி கையிலேயே அவளைக் கண்காணிக்கும் கருவியைக் கொடுப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? வீடியோ எங்கெல்லாம் கசியும் என்பதை என் தொழிலில் இருக்கும் யாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை நடந்த மறுநாள் செய்தியைப் பாருங்கள். 'மசாஜ் சென்டரில் அழகிகள் மீட்பு.' மீட்கப்பட்டவரை அழகி என்று அழைக்கும் மொழி வேறெந்தத் தொழிலாளிக்கும் வாய்க்கவில்லை. செங்கல் சூளையிலிருந்து மீட்டவர்களை அப்படி எழுதுவோமா? 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், சோதனையில் பிடிபடும், மீட்கப்படும் பாலியல் தொழிலாளர்களின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடாதபடி வழிகாட்டுதல் கொண்டுவரச் சொன்னது. முக்காட்டுப் படங்களும் 'அழகி'யும் இன்னும் ஓயவில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு உலகத்தில் முன்மாதிரி இருக்கிறது. ஜப்பானில் அன்மா, மசாஜ், ஷியாட்சு செய்பவர்களுக்கு 1947 முதல் தனிச் சட்டமும் உரிமமும் உண்டு. பார்வையற்றவர்கள் தலைமுறைகளாக மதிப்போடு செய்துவரும் தொழில் அது. தாய்லாந்தின் நுவாட் 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அங்கே பாலியல் சந்தை இல்லையா? இருக்கிறது, உலகத்துக்கே தெரியும். அதைக் காரணம் காட்டி வாட் போ கோயிலின் மசாஜ் பள்ளியை அவர்கள் இழுத்து மூடவில்லை.

நமக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்நாட்டில் முடிதிருத்துவோருக்கு நல வாரியம் இருக்கிறது. உடல் பிடிப்புத் தொழிலாளர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். சித்த மருத்துவக் கல்லூரிகளில் பட்டம் படிப்பவர்களுக்குச் சொல்லித்தரும் தொக்கணத்தை, ஒரு வருடச் சான்றிதழ் படிப்பாகப் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கும் சொல்லித்தர வேண்டும். பரம்பரையாகச் செய்தவர்களின் கைக்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுக்க வேண்டும். உரிமம் கடைக்கு மட்டும் என்றில்லாமல் ஆளுக்கும் இருந்தால், முதலாளி பிடிக்காவிட்டால் அவர் அதை எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பெண்ணைக் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. அதன்படி, அத்துமீறும் வாடிக்கையாளர் மீது புகார் கொடுக்க மாவட்டக் குழுவின் தொலைபேசி எண் ஒவ்வொரு ஸ்பாவின் சுவரிலும் இருக்க வேண்டும். மேசையில் படுப்பவர் கண்ணில் படுகிற இடத்தில்.

வாசிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை உண்டு, பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை குழுவில் கண்ணடிக்கும் பொம்மை வந்தால், 'எதுக்கு மச்சி சிரிக்கிற?' என்று ஒரு வரி கேளுங்கள். பதில் சொல்லத் திணறுவான். பிடித்துவிட்டுப் போகும்போது பில்லோடு சேர்த்து அந்த ஆளின் பெயரையும் கேளுங்கள். உங்கள் கழுத்து அரை மணி நேரம் அவர் கையில் இருந்திருக்கிறது.