குழாயைக் கழுவும் நேரமும் பரிசோதனை நேரம்தான்

செறிவூட்டிய சமையல் எண்ணெயில் கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம் வரை வைட்டமின் ஏ இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வரையறை. பத்து லட்சம் மைக்ரோகிராம் எண்ணெய்க்குள் பத்துக்கும் குறைவான மைக்ரோகிராமைத் தேடிப் பிடித்து அளக்க வேண்டும் என்பதே இதன் பொருள். கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் எஃகுக் குழாய். அதற்குள் சிலிக்காத் துகள்கள். துகள்களின் மேல் 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலிகள். கொழுப்பைப் பற்றிக்கொள்வது அந்தச் சங்கிலிகளின் இயல்பு. அதனால் வைட்டமின் வெளியேறிய பிறகும், மாதிரியோடு வந்த கொழுப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதைக் கழுவி எடுக்கும் நேரத்தையும் பரிசோதனை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்கிறேன்.

பல ஆய்வகங்களில் அப்படிக் கணக்கிடுவதில்லை. மாலையில் சிறிது நேரம் மெத்தனாலையோ அசிட்டோநைட்ரைலையோ ஓடவிட்டுக் கருவியை அணைத்துவிடுவார்கள். பிசுக்கேறிய வாணலியை வெறும் தண்ணீரில் அலசுவது போன்றதுதான் இது. எண்ணெயின் கொழுப்பான ட்ரைகிளிசரைடு இவ்விரண்டிலும் சரியாகக் கரைவதில்லை. போதாக்குறைக்கு, வைட்டமின் ஏ-யை அளக்கும் 325 நானோமீட்டர் ஒளியை ட்ரைகிளிசரைடு உறிஞ்சுவதில்லை. ஆகவே திரையில் கோடு நேராக ஓடினாலும் குழாய் சுத்தம் என்று சொல்ல முடியாது. அழுத்தம் மெல்ல ஏறும், பொருள் வெளிவரும் நேரம் தள்ளாடும், திரையில் பொருளைக் காட்டும் கூர்மையான முகடு வால்விடும். அளவில் பிழை புகுவது அப்போதுதான்.

முறையாகக் கழுவ, பரிசோதனைக் கரைப்பானில் பஃபர் உப்பு கலந்திருந்தால் முதலில் நீர் கலந்த கரைப்பானால் அதை வெளியேற்ற வேண்டும்; இல்லையென்றால் அடுத்து வரும் ஐசோபுரோபனாலில் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஐசோபுரோபனால் கொழுப்பை நன்றாகக் கரைக்கும். ஆனால் மெத்தனாலைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பிசுபிசுப்பானது. வேகமாகச் செலுத்தினால் அழுத்தம் எகிறும். நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் என்று நிதானமாக 50 மில்லிலிட்டர் செலுத்த ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அதற்கும் அசையாத கொழுப்புக்கு ஹெக்சேன் தேவைப்படலாம். அது தண்ணீரோடு கலக்காது என்பதால் முன்னும் பின்னும் ஐசோபுரோபனால் ஓடியாக வேண்டும். கழுவும்போது குழாயின் மறுமுனையை உணர்கருவியிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. கரைந்து வரும் பிசுக்கு அங்கே போய்ப் படியக் கூடாது.

மாதிரியைக் காரத்தோடு சூடாக்கிக் கொழுப்பைச் சோப்பாக்கி நீக்கிவிட்டுத்தானே செலுத்துகிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சோப்பாகாத ஸ்டீரால்கள் எஞ்சுகின்றன; அவசரத்தில் வினை முழுமையடையாவிட்டால் கொழுப்பும் எஞ்சுகிறது. முன்னால் பொருத்தும் காவல் குழாய் சுமையைக் குறைக்குமே தவிர, முழுவதும் தடுக்காது. கழுவுவதால் கரைப்பான் கழிவு பெருகும் என்ற கவலையில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஹெக்சேனைக் கடைசி வழியாக வைக்கச் சொல்கிறேன். நேரமும் பணமும் போகிறதே என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பல்லாயிரம் ரூபாய்க் குழாய் பாதி ஆயுளில் பாழாவதும், தவறிய அளவை நம்பி நல்ல எண்ணெயை நிராகரிப்பதும் அல்லது குறையுள்ளதை அனுமதிப்பதும் அதைவிடப் பெரிய செலவு.

பரிசோதனைக்குக் கட்டணமும் கெடுவும் நிர்ணயிப்பவர்கள் இந்த மூன்று மணி நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். தணிக்கைக்குச் செல்பவர்கள் முடிவுத் தாளோடு குழாய் கழுவிய பதிவேட்டையும், கழுவுவதற்கு முன்னும் பின்னும் குறித்த அழுத்த அளவுகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.