தெரியாத கோப்புறை குப்பையல்ல

விண்டோஸ் கணினியின் சி டிரைவைத் திறந்தால், வீட்டார் எவரும் உருவாக்காத கோப்புறைகள் சில கண்ணில் படும். விண்டோஸ்.ஓல்ட், பெர்ஃப்லாக்ஸ், ஐநெட்பப் என்பன அவற்றுட் சில. இவையெல்லாம் குப்பை, அழித்தால் கணினி வேகமாகும் என்ற நம்பிக்கை நெசவூரான மருதமுனையிலும் உண்டு, பெருநகரங்களிலும் உண்டு. அது பிழையான நம்பிக்கை. வீடுகளுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பையும் அது கொண்டுவருகிறது.

முதலில் வேகம். எந்த நிரலும் திறக்காத கோப்புறை நினைவகத்தில் இடம் பிடிப்பதில்லை, செயலிக்கு வேலை வைப்பதுமில்லை. வட்டு நிரம்பும் தறுவாயில் இருந்தால் மட்டுமே இடத்தை விடுவிப்பதால் பலனுண்டு. அடிக்கடி அழிக்கச் சொல்லப்படும் ப்ரீஃபெட்ச் கோப்புறையில் இருப்பதோ நிரல்கள் விரைவாகத் திறப்பதற்கென்றே விண்டோஸ் சேர்த்துவைக்கும் தகவல். அதை அழித்தால் அந்த வேலையை விண்டோஸ் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

வெறுமையாக இருப்பதும் குப்பைக்கு அடையாளமல்ல. 2025 ஏப்ரலில் வந்த பாதுகாப்புப் புதுப்பித்தலுக்குப் பின் பல கணினிகளில் ஐநெட்பப் என்ற வெற்றுக் கோப்புறை தோன்றியது. இணைய சேவையக மென்பொருளுக்குரிய பெயர் அது. அந்த மென்பொருளே இல்லாத கணினிகளிலும் தோன்றியதால் பலர் அழித்தார்கள். அதை அழிக்கக் கூடாது என்று மைக்ரோசொஃப்ட் பின்னர் அறிவித்தது. சிவிஈ-2025-21204 என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் ஏற்பாட்டில் அந்தக் கோப்புறையும் ஒரு பகுதி. உள்ளே ஒரு கோப்பும் இல்லாமலே அது காவல் செய்துகொண்டிருந்தது.

பேரிழப்பு விண்டோஸ்.ஓல்ட் விடயத்தில்தான் நேர்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததை ஒட்டிப் பலர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். அப்படி மாறும்போது பழைய அமைப்பு முழுவதும் இந்தக் கோப்புறைக்குள் வைக்கப்படுகிறது. புதியது ஒத்துவராவிட்டால் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வழி இதுவே. வட்டை போர்மட் பண்ணாமல் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால், பழைய பயனரின் கோப்புகளும் இதற்குள் இருக்கும் யூசர்ஸ் கோப்புறையில்தான் கிடக்கும். மருதமுனை போன்ற நெசவூரில் கணினி உள்ள வீட்டிலும் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். பிள்ளையின் உயர்தரப் பாடக்குறிப்பு, கலியாணப் படங்கள், தறிக் கணக்கு எல்லாம் அந்த ஒன்றிலேயே. யூசர்ஸைத் திறந்து பாராமல் அழிப்பவர் அத்தனையையும் அழிக்கிறார். எஸ்எஸ்டி வட்டானால் மீட்பு மென்பொருளும் பெரும்பாலும் கைகொடுக்காது. தானாக நீங்கும் வரை காத்திருப்பதும் ஆபத்தே: பத்து நாட்களுக்குப் பிறகு விண்டோஸ் அதைத் தானே அகற்றிவிடும். வேண்டிய கோப்புகளை அதற்கு முன்பே வெளி வட்டுக்குப் படியெடுத்துவிட வேண்டும்.

வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையின் பருமனைக் கண்டு மலைப்பவர்கள் பலர். அதிலுள்ள பல கோப்புகள் வட்டில் ஒரே தரவாக இருந்தும், விண்டோஸின் வேறு இடங்களிலும் பெயர்ப்பதிவு கொண்டவை. எக்ஸ்ப்ளோரர் அவற்றை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக எண்ணுவதால், காட்டும் அளவு உண்மையில் பிடித்திருக்கும் இடத்தைவிடப் பெரிது. அதைக் கையால் அழித்தால் கணினி இயங்காமலே போகலாம். விண்டோஸுக்குள் உள்ள இன்ஸ்டாலர் கோப்புறையை அழித்தால் சில மென்பொருள்களைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முடியாமற் போகலாம்.

இத்தகைய அமைப்புக் கோப்புகளை அழிக்க முயலும்போது அனுமதி மறுக்கப்படுவது பழுதல்ல. டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற கணக்கின் பொறுப்பில் அவற்றுட் பல விடப்பட்டிருப்பதே காரணம். உரிமையை வலிந்து மாற்றி அழிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் அந்தப் பாதுகாப்பை உடைக்கவே கற்றுக்கொடுக்கிறார்கள். இடம் வேண்டுமானால் அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதிக்குப் போய், தற்காலிகக் கோப்புகளின் கீழ் முந்தைய விண்டோஸ் நிறுவலைத் தெரிவுசெய்து நீக்கலாம். வின்எஸ்எக்ஸ்எஸ்ஸைச் சுருக்குவதற்கு டிஸ்ம் என்ற கட்டளை விண்டோஸிலேயே உள்ளது.

உண்மையான மிச்சங்களும் உண்டு. நீக்கிய மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸில் விட்டுச்சென்ற வெற்றுக் கோப்புறை அவற்றில் ஒன்று. அதை அழிக்க நிர்வாகி அனுமதியே போதும். உரிமை மாற்றும் வித்தை எதுவும் தேவைப்படாது.