கோப்பை கொடுத்த கைகள்

'வீழ்ச்சி' என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாகச் செலவழிக்கிறோம்! அமெரிக்க ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் ஜிம் கேரியைப் பற்றி யார் பேசினாலும் அந்தச் சொல்தான் முதலில் வந்து விழுகிறது. சினிமா நடிகர் வேறு, இவர் வேறு. ஆனாலும் பெயர்ப் பொருத்தத்துக்காக, நடிகரின் படத் தலைப்பைத் திரித்து இவருக்கொரு பட்டப்பெயர் சூட்டி மகிழ்ந்தது ரசிக உலகம். பட்டம் கொடுப்பதில்தான் ஜனங்களுக்கு எத்தனை அவசரம்!

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். வாஷிங்டன் கேப்பிடல்ஸ் குழுவின் கோல் காவலராக 1995-96இல் 71 ஆட்டங்கள் ஆடினார் கேரி. 35 வெற்றிகள், 9 ஆட்டங்களில் எதிரிக்கு ஒரு கோல்கூட இல்லை. அப்போது அவருக்கு வயது 21. அவர் காத்தது 6 அடி அகலம், 4 அடி உயரமுள்ள வலையை. எதிரே, மோட்டார் வண்டியை மிஞ்சும் வேகத்தில் பறந்து வரும் கெட்டி ரப்பர் வில்லை. அங்கே ஒரு கணத் தயக்கம் போதும், ஊர் முழுதும் பார்த்துவிடும்.

1996 ஏப்ரலில், பிட்ஸ்பர்க் குழுவுடன் நடந்த பிளே-ஆஃப் ஆட்டங்களில் அவர் தடுமாறினார். அவர் இடத்தில் ஓலாஃப் கோல்ஸிக் நின்றார். ஆனாலும் லீக் ஆட்டங்களை வைத்து, சிறந்த கோல் காவலருக்கான வெஸினா கோப்பை கேரிக்கே கிடைத்தது. அதற்கு வாக்களிப்பவர்கள் யார் தெரியுமா? ரசிகர்கள் அல்ல, குழுக்களின் பொது மேலாளர்கள்! ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் அவர்கள்தாம். 1997 மார்ச்சில் கேரி பாஸ்டன் குழுவுக்குக் கைமாற்றப்பட்டார். கோப்பையின் பளபளப்பு மங்குவதற்குள் இந்த வியாபாரம்! அதுவும் எந்தக் குழுவுக்கு? அந்தப் பருவத்தில் லீக்கிலேயே கடைசி இடத்தில் முடிந்த குழுவுக்கு.

பாஸ்டனில் 29 ஆட்டங்கள், பிறகு செயின்ட் லூயிஸில் 4. 1999இல் எல்லாம் முடிந்தது.

"திறமை இருந்தால் நிலைத்திருக்க மாட்டாரா?" என்று கேட்பீர்கள். கேரி கோல் விடவே இல்லை என்று நான் வாதாடவில்லை, விட்டார். ஆனால் ஒரு காவலனின் பழக்கங்களை எதிரிகள் ஒரு வருஷம் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். அவனும் தன்னைத் திருத்திக்கொள்ளக் கொஞ்ச காலம் வேண்டும். 22 வயதுப் பையனுக்கு அந்தக் காலத்தைத் தர மறுத்தது யார்? ஒரு வருஷத்து உழைப்புக்குத் தந்த பரிசை ஆயுள் முழுவதற்குமான கடன் பத்திரமாக மாற்றியவர்கள் நாம்தாம். ஒரு நாவல் நன்றாக அமைந்துவிட்டால், அடுத்ததும் அப்படியே வேண்டும் என்று எழுத்தாளனின் கழுத்தைப் பிடிப்பதும் இதே புத்திதான்.

பின்னாளில் கேரி, மருத்துவக் கட்டணக் கணக்குகளைக் கவனிக்கும் தொழிலைத் தொடங்கி நடத்தினார். ஒரு மனிதன் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போனான், அவ்வளவுதான். விழுந்தது அவரல்ல. அவர் தலைமேல் நாம் ஏற்றி வைத்த எதிர்பார்ப்புத்தான்.