பழைய போனிலிருந்து தங்கம்: வீடியோக்களில் வரும் அந்த மஞ்சள் திரவம் என்ன?

தங்கம் விலை ஏற ஏற, யூடியூபிலும் ரீல்ஸிலும் ஒரு வகை வீடியோ கூடவே வருகிறது. பழைய போன் போர்டு, சிம் கார்டுகளை ஆசிட்டில் போடுகிறார்கள். புகை கிளம்புகிறது. மஞ்சள் நிறத் திரவம் கிடைக்கிறது. கடைசியில் உள்ளங்கையில் ஒரு குந்துமணித் தங்கம். 'இவ்வளவுதானா, நாமே செய்யலாமே' என்று தோன்றும். செய்யக் கூடாது. ஏன் என்று புரிய, அந்தத் திரவம் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கம் கரையுமா?

தங்கத்தைச் சாதாரண அமிலங்கள் ஒன்றும் செய்யாது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம் மட்டும் வேறு கதை. நைட்ரிக் அமிலம் தங்க அணுவிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும். குளோரைடு உடனே அந்த அணுவைச் சூழ்ந்துகொண்டு, அது மறுபடி உலோகமாகாமல் பிடித்துவைக்கும். இப்படி உருவாவதுதான் குளோரோஆரிக் அமிலம். லேப்களில் 'கோல்டு குளோரைடு' என்று பேச்சுவாக்கில் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

1940-ல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, விஞ்ஞானி ஹெவெசி இரண்டு நோபல் பதக்கங்களை இப்படித்தான் கரைத்து, லேப் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். போர் முடிந்தபின் அதே திரவத்திலிருந்து தங்கத்தை மீட்டு, பதக்கங்களை மறுபடி வார்த்தார்கள்.

லேபில் எதற்கு?

இந்த உப்பு ஆரஞ்சு கலந்த மஞ்சள் படிகமாக விற்பனைக்கு வருகிறது. எடையில் ஏறக்குறைய பாதி தங்கமேதான். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும், வெளிச்சம் பட்டால் சிதையும். அவசரத்தில் உலோகக் கரண்டியால் எடுத்தால் தங்கம் கரண்டியிலேயே படிந்துவிடும், காசு போச்சு!

இதன் முக்கிய வேலை நானோ துகள் தயாரிப்பு. 1951-ல் டர்க்கெவிச் குழு விவரித்த முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. நீர்த்த கரைசலைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட் சேர்த்தால், சில நிமிடங்களில் வெளிர்மஞ்சள் போய் ஒயின் சிவப்பு வரும். சுமார் 20 நானோமீட்டர் அளவில் தங்கத்தின் நிறமே சிவப்புதான். பிரெக்னன்சி கிட்டிலும் கொரோனா ஹோம் டெஸ்ட்டிலும் தெரிந்த சிவப்புக் கோடு, பல பிராண்டுகளில் இந்தத் தங்கத் துகள்தான்.

ஆபத்து எங்கே?

நகையாக இருக்கும்போது சாதுவான தங்கம், உப்பானதும் குணம் மாறிவிடுகிறது. தோலில் பட்டால் அரிக்கும்; கழுவினாலும் போகாத ஊதாக் கறை விழும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அமோனியாவோடு சேர்ந்தால் உருவாகும் படிவு, காய்ந்தபின் லேசாக உரசினாலே வெடிக்கும். அமோனியா உள்ள கிளீனரால் பாத்திரத்தைக் கழுவப் போகிறவருக்கு இது தெரிந்திருக்குமா?

எல்லாவற்றையும்விட மோசம், கரைக்கும்போது வரும் பழுப்புப் புகை. அதில் நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது, கூடவே குளோரினும். முதலில் லேசான இருமல் மட்டும் இருக்கும். சரியாகிவிட்டது என்று நினைத்துத் தூங்கப் போனவருக்கு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். லேபில் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட், கண்ணாடி, கையுறை எல்லாம் உண்டு. வீடியோவில் இருப்பது மொட்டை மாடியும் பிளாஸ்டிக் வாளியும்.

செம்பும் ஈயமும் கரைந்த மிச்ச ஆசிட் எங்கே போகிறது என்பதை எந்த வீடியோவும் காட்டுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஒரு ஸ்மார்ட்போனில் இருக்கும் தங்கமோ சில பத்து மில்லிகிராம்தான். ஒரு கிராம் சேர்க்கவே டஜன் கணக்கில் போன்கள் வேண்டும்.

யாராவது ஏற்கெனவே இறங்கி, ஆசிட் தெறித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். புகையைச் சுவாசித்திருந்தால், உடம்புக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், என்ன புகை என்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.